மலையகத்தின் நடைவழிகள்

மத்திய மலைநாடு என்றதும் வெளியூர் உறவினர்கள் கேட்பது குளிரையும் நீர்வீழ்ச்சிகளையும் பற்றித்தான். இங்கு வாழும் நமக்கோ மலைநாடு என்பது முதலில் பாதைகள். லயத்திலிருந்து கொழுந்து மலைக்கு ஒரு பாதை, மடுவத்துக்கு ஒரு பாதை, பஸ் நிற்கும் சந்திக்கு ஒரு குறுக்குப் பாதை, பாடசாலைக்கும் பள்ளிவாசலுக்கும் கோயிலுக்கும் தனித்தனிப் பாதைகள். இவற்றுள் சில பாதைகளில் நடப்பதற்காகவே இன்று பல நாடுகளிலிருந்து மக்கள் விமானமேறி வருகின்றனர். முதுகுப் பையும் கைத்தடியுமாக அவர்கள் நடக்கும் அதே பாதையில், புத்தகப்பையுடன் பிள்ளைகள் பாடசாலைக்குப் போகின்றனர். ஒருவருக்கு விடுமுறையாக இருப்பது மற்றவருக்கு அன்றாட வாழ்க்கையாக இருக்கின்றது.

இப்பாதைகள் எவ்வாறு தோன்றின, அவற்றில் எப்போது, எப்படி நடப்பது, நடப்பவர் எதைக் கவனிக்க வேண்டும் என்பவற்றை இக்கட்டுரையில் பார்ப்போம். விடுமுறையில் குடும்பமாக ஒரு மலைப்பாதையில் நடக்க எண்ணும் பெற்றோருக்கும் இது பயன்படலாம்.

தவளம் சென்ற வழி

கண்டி இராச்சியக் காலத்தில் மலைநாட்டில் அகன்ற வீதிகள் இருக்கவில்லை. அடர்ந்த காடும் ஒடுங்கிய பாதையும் படையெடுத்து வருவோரைத் தடுக்கும் அரண் என்று மன்னர்கள் கருதினர். ஆயினும் உப்பில்லாமல் எந்த ஊரும் வாழ முடியாது. கரையோரத்து உப்பும் கருவாடும் துணியும் மலைக்கு ஏறின. மலைநாட்டுப் பாக்கும் மிளகும் கரைக்கு இறங்கின. இவற்றைச் சுமந்தவை பொதி மாடுகள். முதுகின் இருபுறமும் மூட்டை கட்டிய மாடுகள் வரிசையாகச் செல்லும் கூட்டத்துக்குத் தவளம் என்று பெயர். அரசனின் பொதிமாட்டுப் போக்குவரத்தைக் கவனித்த ‘மடிகே பத்த’ என்னும் பிரிவில் முஸ்லிம்கள் பெருமளவில் பணியாற்றினர் என்பதை வரலாற்றாய்வாளர் கலாநிதி லோனா தேவராஜா தமது நூலில் எடுத்துக்காட்டியுள்ளார்.

கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் வீதியில் தவலந்தென்ன என்றோர் ஊர் உண்டு. சிங்களத்தில் ‘தென்ன’ என்பது மலைப்பகுதியில் உள்ள சமதரையைக் குறிக்கும். தவளத்தின் ஞாபகம் அந்த ஊரின் பெயரிலேயே இருக்கின்றது. இத்தகைய பெயர்களைப் பிரித்துப் பார்க்கப் பழகினால், வரைபடமே ஒரு வரலாற்றுப் பாடமாகிவிடும்.

வணிகருக்கு முன்பும் பின்பும் யாத்திரிகர்கள் நடந்தனர். முஸ்லிம்கள் பாவாத மலை என்றும், தமிழர் சிவனொளிபாத மலை என்றும், சிங்களவர் ஸ்ரீ பாத என்றும் அழைக்கும் 2,243 மீற்றர் உயரமான மலையே இந்நாட்டின் மிகப் பழைய நடைவழிகளுக்கு இலக்காக இருந்தது. 1344 ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்த மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா, அம்மலைக்கு ஏறிய அனுபவத்தை விரிவாகப் பதிவு செய்துள்ளார். மலைக்கு இரண்டு பாதைகள் இருந்தன என்கிறார் அவர். ஒன்று ஆதம் (அலை) அவர்களின் பெயரால் ‘பாபா’ வழி, மற்றையது ஹவ்வா (அலை) அவர்களின் பெயரால் ‘மாமா’ வழி. மாமா வழி இலகுவானது. யாத்திரிகர் திரும்பி இறங்குவது அதன் வழியாகத்தான். அதனூடாக ஏறியவரை யாத்திரை செய்தவராகவே மற்றவர்கள் மதிப்பதில்லையாம். பாபா வழியோ செங்குத்தானது. பற்றி ஏறுவதற்கு இரும்புச் சங்கிலிகள் தொங்கின. பத்தாவது சங்கிலிக்கு ‘ஷஹாதா சங்கிலி’ என்று பெயர். அவ்விடத்தில் நின்று கீழே பார்ப்பவர், விழுந்துவிடுவோமோ என்ற அச்சத்தில் கலிமாச் சொல்வாராம்.

இன்று ஹட்டன் பக்கமாக நல்லதண்ணியிலிருந்து ஏறும் வழியே பெரும்பாலானோர் செல்லும் வழி. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் அதில் உள்ளன. இரத்தினபுரிப் பக்கத்திலிருந்து பலாபத்தல வழியும் குருவிட்ட – எரத்ன வழியும் உண்டு. அவை நீளமானவை, காட்டுக்குள்ளாகச் செல்பவை. டிசம்பர் மாதப் பௌர்ணமி முதல் மே மாதப் பௌர்ணமி வரை யாத்திரைக் காலம். அக்காலத்தில் வழி நெடுகிலும் விளக்கும் தேநீர்க் கடையும் ஆள் நடமாட்டமும் இருக்கும். மற்றைய மாதங்களில் மழையும் காற்றும்தான்.

காட்டு வழியும் தோட்டத்துப் பாதையும்

1820 களில் கம்பளைப் பகுதியில் கோப்பித் தோட்டங்கள் தொடங்கின. அதன் பின்னர் காடு அழிக்கவும் கன்று நடவும் தென்னிந்தியாவிலிருந்து மக்கள் அழைத்து வரப்பட்டனர். தோணியில் வந்து மன்னார்க் கரையில் இறங்கிய அவர்கள், வரண்ட காட்டினூடாக மாத்தளை வரை ஏறக்குறைய 200 கிலோமீற்றர் நடந்தனர். பசியாலும் வாந்திபேதியாலும் வழியிலேயே இறந்தவர்கள் ஏராளம். அவர்களுக்குக் கல்லறைகளும் இல்லை, பெயர்ப் பட்டியலும் இல்லை. அவ்வருகையின் 200 ஆவது ஆண்டை நினைவுகூர்ந்து, 2023 ஜூலை இறுதியில் தலைமன்னாரிலிருந்து ஒரு நடைபவனி புறப்பட்டு, ஓகஸ்ட் 12 ஆம் திகதி மாத்தளையை அடைந்தது. மூதாதையர் நடந்த வழியில் பேரப்பிள்ளைகளும் நடந்தனர்.

1869 இல் கோப்பி இலைகளில் துரு நோய் தோன்றிப் பரவியது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே, 1867 இல், கண்டிக்குத் தெற்கேயுள்ள லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் என்னும் ஸ்கொட்லாந்துக்காரர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டிருந்தார். கோப்பி அழிய, தேயிலை மலையெங்கும் பரவியது. ரயில் பாதையும் மேலேறியது. 1874 இல் நாவலப்பிட்டிக்கும், 1885 இல் நானுஓயாவுக்கும், 1924 இல் பதுளைக்கும் ரயில் வந்தது.

தேயிலைத் தோட்டம் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு பாதை வலையை அமைத்துக்கொண்டது. இன்று நாம் நடக்கும் வழிகளைச் சற்றுக் கவனித்தால் அவற்றில் மூன்று வகைகளைக் காணலாம்.

முதலாவது, வண்டிப் பாதை. இது ஸ்டோரிலிருந்து பெருவீதிக்குச் செல்வது. பாரம் ஏற்றிய மாட்டு வண்டி இழுக்கக்கூடிய அளவுக்கே சரிவு இருக்கவேண்டும் என்பதால், மலையைச் சுற்றிச் சுற்றி நிதானமாக ஏறும். முதியோரும் சிறு பிள்ளைகளும் நடக்க ஏற்றது இது.

இரண்டாவது, தேயிலை நிரைகளுக்கிடையே மலையின் ஒரே மட்டத்தைப் பின்பற்றிச் செல்லும் ஒற்றையடிப் பாதை. கொழுந்து நிறைந்த கூடையுடன் நடப்பதற்காக வெட்டப்பட்டது. அதன் மேற்புறத்தில் கான் ஒன்று ஓடுவதைப் பார்க்கலாம். சரிவில் வழிந்து வரும் மழைநீரைப் பிடித்து, மண்ணை அரிக்காமல் மெதுவாக ஓடைக்குக் கொண்டு சேர்ப்பது அந்தக் கான். கான் தூர்ந்தால் நீர் பாதையில் ஓடும். இரண்டு மாரிகளில் பாதை பள்ளமாகிவிடும்.

மூன்றாவது, குறுக்குப் பாதை. லயத்துக்கும் மலைக்கும் இடையில், அல்லது இரண்டு வளைவுகளுக்கு நடுவே, நேராக மேலேறும் கற்படிகள். நேரம் தவறினால் பெரட்டில் பெயர் விழாது என்ற அவசரத்தில் உருவான வழிகள் இவை. ஏறும்போது மூச்சு வாங்கும், இறங்கும்போது வழுக்கும்.

ஆக, இம்மலைகளில் பொழுதுபோக்குக்கென முதலில் வெட்டப்பட்ட பாதை மிகக் குறைவு. அநேகமாக ஒவ்வொன்றும் யாரோ ஒருவரின் வேலைக்காக, யாரோ ஒருவரின் தோளும் மண்வெட்டியும் கொண்டு உருவானது.

இன்றைய நடைவழிகள்

அண்மை ஆண்டுகளில் இத்தோட்டப் பாதைகளை ஒன்றோடொன்று இணைத்து ‘பீக்கோ’ நடைவழி உருவாக்கப்பட்டுள்ளது. தேயிலையின் இளங்கொழுந்தைக் குறிக்கும் சொல்லே அதன் பெயர். இலங்கையில் வாழும் ஸ்பானியரான மிகேல் குனாட் இதனைத் திட்டமிட்டார். ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்காவின் யூஎஸ்எயிட் நிறுவனமும் உதவின. மொத்த நீளம் 300 கிலோமீற்றருக்கு மேல், 22 கட்டங்கள். கண்டி ஹந்தானையிலுள்ள தேயிலை அருங்காட்சியகத்துக்கு அருகில் தொடங்கி, கலஹா, லூல்கந்துர, தவலந்தென்ன, பூண்டுலோயா, கொட்டகலை, நோர்வூட், பொகவந்தலாவை என்று சென்று, ஹோட்டன் சமவெளியைத் தொட்டு, ஹப்புத்தளை, எல்ல, ஊவா, உடப்புசல்லாவை வழியாக வளைந்து, நுவரெலியாவில் பீட்று தோட்டத்தில் முடிகின்றது. முழுவதையும் நடக்க வேண்டுமென்பதில்லை. ஒரு கட்டத்தை ஒரு நாளில் நடக்கலாம். புதிதாக வெட்டப்பட்ட பகுதி இதில் சொற்பமே. வழிகாட்டிப் பலகைகள்தாம் புதியவை.

குடும்பமாகச் செல்வோருக்கு வேறு சில வழிகளும் உண்டு. ஹோட்டன் சமவெளியில் உலக முடிவு, பேக்கர் நீர்வீழ்ச்சி ஆகியவற்றைச் சுற்றி வரும் பாதை ஏறக்குறைய 9 கிலோமீற்றர். பெரும்பகுதி சமதரை. 1988 இல் தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்ட இவ்விடத்தில், நுழைவாயிலில் பைகளைத் திறந்து பொலித்தீன் உறைகளை அகற்றிய பின்னரே உள்ளே விடுவார்கள். காலை வேளையில் சென்றால்தான் உலக முடிவின் பள்ளத்தாக்கைக் காணலாம். முற்பகல் கழியுமுன்பே பனிமூட்டம் மூடிக்கொள்வது வழக்கம். ஹப்புத்தளைக்கு அருகில், 1890 இல் கட்டப்பட்ட தம்பதென்ன தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து லிப்டன் சீற் வரை ஏறும் 7 கிலோமீற்றர் வண்டிப் பாதையும் பெயர் பெற்றது. நுவரெலியா நகரிலேயே ஒற்றை மரமலைக்குத் தேயிலையினூடாக ஏறலாம். நாட்டின் மிக உயர்ந்த சிகரமான 2,524 மீற்றர் பீதுருதலாகலைக்கு மட்டும் நடந்து ஏற அனுமதி இல்லை.

எந்த மாதம், எந்தப் பக்கம்?

இம்மலைகளின் மழைக்கு இரண்டு முகங்கள் உள்ளன. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று ஹட்டன், நோர்வூட், நல்லதண்ணி முதலிய மேற்குச் சரிவுகளை நனைக்கின்றது. அதே வேளையில், மழையை மேற்கில் இறக்கிவிட்ட காற்று மலையைத் தாண்டி ஊவாப் பக்கம் உலர்ந்து வீசும். டிசம்பர் முதல் வடகீழ்ப் பருவக்காற்று கிழக்குச் சரிவை நனைக்கும். ஜனவரி முதல் மார்ச் வரை மேற்குச் சரிவில் வெயிலும் குளிர் காற்றும் இருக்கும்.

தேயிலையை அறிந்தவர்கள் இதைச் சுலபமாக ஞாபகம் வைத்துக்கொள்ளலாம். உலர்ந்த குளிர் காற்று வீசும் மாதங்களில்தான் கொழுந்துக்கு மணம் கூடும். டிம்புள்ளைத் தேயிலைக்கு அது ஜனவரி முதல் மார்ச் வரை. ஊவாத் தேயிலைக்கு ஜூலை முதல் செப்டெம்பர் வரை. தேயிலைக்கு நல்ல மாதமே அப்பகுதியில் நடப்பதற்கும் நல்ல மாதம். ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் இரு பக்கமும் பிற்பகல் இடிமழை பெய்யும். அம்மாதங்களில் நீண்ட நடையைத் தவிர்ப்பது அறிவுடைமை.

கவனிக்க வேண்டியவை

அதிகாலையில் தொடங்கி, பிற்பகல் 3 மணிக்கு முன் முடியுமாறு திட்டமிட வேண்டும். ளுஹர் தொழுகைக்கு எங்கே தங்குவது, தண்ணீர் எங்கே கிடைக்கும் என்பதையும் முன்னரே விசாரித்து வைத்தால் அவசரப்பட வேண்டியிராது. மாணவிகள் பெற்றோருடனோ ஆசிரியைகளுடனோ குழுவாகவே செல்லவேண்டும். பனிமூட்டம் சூழ்ந்தால் குழு பிரியாமல் அதே இடத்தில் நின்று, மூட்டம் விலகியபின் நடக்கவேண்டும்.

ஈரமான காட்டில் அட்டை ஏறும். இப்னு பதூதாவும் இதை எழுதியுள்ளார். அக்காலத்தில் அட்டை கடித்தால் எலுமிச்சைச் சாறு பிழிவார்களாம். 680 ஆண்டுகளுக்குப் பின்னரும் நம் ஊரில் எலுமிச்சை, உப்பு, சவர்க்காரம் என்று வைத்தியம் மாறவில்லை. நீண்ட காலுறை அணிந்து, அவற்றின் மேல் சவர்க்காரத்தைத் தேய்த்துக்கொண்டால் போதுமானது. அட்டையைப் பிய்த்து இழுத்தால் காயம் பெரிதாகும்.

அட்டையை விட அஞ்ச வேண்டியது குளவி. தொழிலாளர்கள் குளவிக் கொட்டுக்கு இலக்காகி வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்ட செய்தியைப் பத்திரிகைகளில் அடிக்கடி காண்கிறோம். கூடு கண்ட இடத்தில் சத்தமிடுவதும் கல்லெறிவதும் கூடாது. வாசனைத் திரவியம் பூசிச் செல்வதையும் தவிர்க்கவேண்டும். அம்மலையில் வேலை செய்பவர்களிடம் கேட்டால், எந்த மரத்தில் கூடு உண்டு என்று சொல்வார்கள்.

எல்லாவற்றிலும் பெரியது மண்சரிவு. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலை, கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் புதைந்ததை மலையகம் மறக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலின்போது மலைகள் சரிந்து, வீடுகளும் வீதிகளும் ரயில் பாதையும் பெயர்ந்து போயின. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மழையளவை வைத்து மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று கட்டங்களாக எச்சரிக்கை விடுக்கின்றது. மஞ்சள் நிறம் காட்டினாலே நடையை ஒத்திவைக்க வேண்டும். நிலத்தில் புதிய வெடிப்பு, சாய்ந்து நிற்கும் மரங்களும் தூண்களும், தெளிந்த ஊற்று திடீரெனக் கலங்குதல் அல்லது வற்றுதல் ஆகியன மலை நகரத் தொடங்கியதன் அடையாளங்கள். இவற்றைக் கண்டால் திரும்பி வந்து, அருகிலுள்ள குடியிருப்பாளர்களுக்கும் கிராம அலுவலருக்கும் சொல்லவேண்டும். இடர் முகாமைத்துவ நிலையத்தின் 117, அம்பியூலன்ஸ் சேவையின் 1990 ஆகிய இரு இலக்கங்களையும் தொலைபேசியில் பதிந்து வைத்திருப்பது நல்லது.

பாதைக்கு உரியவர்கள்

நடைவழிக்குச் செல்வோர், மற்றொருவரின் முற்றத்தினூடாக நடக்கிறோம் என்ற எண்ணத்துடன் நடக்கவேண்டும். கூடையோ விறகோ சுமந்து வருபவருக்கு முதலில் வழிவிட வேண்டும். கொழுந்து பறிப்பவரைக் கேட்காமல் படமெடுக்கக் கூடாது. நம் தாய்மாரை முன்பின் அறியாதவர் படமெடுத்தால் நமக்கு எப்படியிருக்கும்? மருந்தடித்த மலைக்குள் இறங்கக் கூடாது. வளைவைத் தவிர்க்கத் தேயிலைச் சரிவில் புதிதாகக் குறுக்கே இறங்குவதும் தவறு. நம் பாதம் பதிந்த இடத்தில் அடுத்த மழை கால்வாய் வெட்டும். அதனால் கேடு வருவது கீழே உள்ள லயத்துக்கு. கொண்டு சென்ற போத்தலையும் உறையையும் திரும்பக் கொண்டுவர வேண்டும். லயத்துக் கடையில் ஒரு ரொட்டியும் பிளேன்டீயும் வாங்கிச் சாப்பிட்டால், நம் பணத்தில் கொஞ்சமாவது அந்தப் பாதையில் வாழ்பவர்களிடம் தங்கும்.

“பெண் பிள்ளைகளுக்கு மலையேற்றம் எதற்கு?” என்று தயங்கும் பெற்றோர் உண்டு. பாதுகாப்பைப் பற்றிய கவலை நியாயமானது. தக்க துணையும் முன்னேற்பாடும் இருந்தால் அக்கவலை தீரும். ஆனால், பெண்ணின் கால்களுக்கு மலை ஏலாது என்ற எண்ணத்துக்கு இங்கே இடமில்லை. 150 ஆண்டுகளுக்கு மேலாக இம்மலைகளில் நாள் தவறாமல் ஏறி இறங்கிக் கொழுந்து பறித்து, இந்நாட்டுக்கு அந்நியச் செலாவணி தேடித் தந்தவர்களில் பெரும்பாலானோர் பெண்களே.

மாணவிகள் செய்யக்கூடிய ஒரு வேலையும் உண்டு. பலகை நாட்டப்பட்ட பாதைகளை இனி உலகம் அறியும். பலகை இல்லாத நூற்றுக்கணக்கான சிறு பாதைகளின் பெயர்கள் மூத்தவர்களின் நினைவில் மட்டுமே உள்ளன. எந்தக் குறுக்கு எந்த ஆண்டு வெள்ளத்தில் போனது, எந்தப் பாலத்தை யார் போட்டார்கள், எந்த வழியாகப் பிள்ளைகள் மழைக்காலத்தில் பாடசாலைக்குப் போக முடிவதில்லை என்பதை வாப்பும்மாவிடமும், அயலிலுள்ள தோட்டத்துப் பாட்டிமாரிடமும் கேட்டு, ஒரு கொப்பியில் வரைபடத்துடன் எழுதி வையுங்கள். உடைந்த படியைத் திருத்தித் தருமாறு பிரதேச சபைக்குக் கடிதம் எழுதும்போது, அந்தக் கொப்பி முதல் சான்றாக உதவும்.